லோஷினி உட்காரும் வண்டி

லாபிஸ்,
17 ஆகஸ்டு 2025

தங்கச்சி யோகேஸ்வரிக்கு,

பள்ளியிலிருந்து பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்பைத் தவிர நான் கையால் எழுதிப் பல வருடமாகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். என் எண்ணை நீ கைப்பேசியில் தடுத்துவிட்டாய். மாப்பிள்ளைக்கு அழைத்தால், "அவ கோவம் ஆறட்டும் மச்சான், நான் எதும் பேச முடியாது" என்கிறார். பத்து வாரம் பார்த்தேன். கடைசியில் உன் அண்ணிதான், "லாபிஸ்ல போஸ்ட் ஆபீஸ் இன்னும் தொறந்துதான இருக்கு, ஒரு கடுதாசி போடுங்களேன்" என்றாள்.

ஜூன் மாதம் தீம் பார்க்கில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

காலையிலிருந்து நான்தானே லோஷினியை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன்? ஒன்றும் சொல்லவில்லையே. மதியம் நீ மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாய். உன் அண்ணி பிரேமலா தண்ணீர் வாங்கப் போனாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, பத்து வயதுப் பெண், கால் நன்றாக இருக்கிறது, ஏன் இரண்டு வயதுக் குழந்தை மாதிரி உட்கார்ந்தே வர வேண்டும் என்று. நான் இருபத்தெட்டு வருடமாக உடற்கல்வி ஆசிரியர். நடக்காத பிள்ளையை நடக்க வைப்பது என் வேலை. வண்டியைக் கூரைக்கடியில் மற்ற வண்டிகளோடு நிறுத்திவிட்டு, "வா கண்ணு, மாமாகூட நடந்து போலாம்" என்று கையைப் பிடித்தேன். அவளுடைய நல்லதுக்குத்தான். அவளும் வந்தாள். படகுச் சவாரி வரை வந்தாள்.

அப்போதுதான் அந்த ஊர்வலம் வந்தது. பொம்மை வேடக்காரர்களும் டிரம் அடிப்பவர்களும். கையை உதறிவிட்டு ஓடினாள். அவ்வளவு வேகம் அவளுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. நான் விசில் ஊதினேன், பெயர் சொல்லிக் கத்தினேன். பிறகு படகு ஓடுகிற குளம் ஞாபகம் வந்தது. காலணியோடு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் தேடினேன். நாற்பது நிமிடம். காவலர்கள் வந்து கிடைத்துவிட்டாள் என்று சொன்ன பிறகுதான் கரையேறினேன்.

நான் நனைந்தபடி வந்ததும் நீ சொன்னாய்: "இனிமே என் புள்ளயத் தொடாதீங்க." அதை நான் தினமும் கேட்கிறேன்.

எல்லாம் நல்லதுக்கு என்று நினைத்துத்தான் செய்தேன். நல்லதுக்கு நினைத்ததே தப்பா என்று மட்டும் எழுது. திட்டியாவது எழுது.

உன் அண்ணன்
ரூபேந்திரன்


உலு திராம்,
2 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அதில் மன்னிப்பு என்ற சொல் ஒரு தடவை வருகிறது. நல்லதுக்கு என்பது மூன்று தடவை. எண்ணிப் பார்த்தேன்.

திட்டப் போவதில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும். செல்வா விடிவதற்கு முன்பே சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். அதன்பின் வீட்டில் நானும் லோஷினியும்தான்.

அவள் காலில் ஒன்றுமில்லை, அண்ணா. எங்கள் தாமான் குடியிருப்பை மாலையில் என்னோடு இரண்டு சுற்றுச் சுற்றுகிறாள். பள்ளிக்கு நடந்துதான் வகுப்புக்குள் போகிறாள். நடக்கத் தெரியாததற்காக அந்த வண்டி இல்லை.

நீங்களும் நானும் கூட்டத்தில் நின்றால், பக்கத்தில் பேசுகிறவர் குரல் மட்டும் கேட்கும், மற்றது பின்னால் போய்விடும். அவளுக்கு எதுவும் பின்னால் போகாது. கடைப் பாட்டு, குழந்தை அழுகை, ரோலர் கோஸ்டர் சத்தம், பாப்கார்ன் வாசனை, கழுத்தில் உரசும் சட்டை, வெயில், எல்லாம் ஒரே அளவில் அவள்மேல் வந்து விழும். வண்டியில் உட்கார்ந்தால் மேல்மூடியை இழுத்துக்கொள்ளலாம். முதுகு எங்கே, கால் எங்கே என்று உடம்புக்குத் தெரியும். யாரும் மோத மாட்டார்கள். அது அவள் கூட எடுத்துக்கொண்டு போகிற ஒரு சின்ன அறை. அறை இருந்தால் நாலு மணி நேரம் தாங்குவாள். இல்லாவிட்டால் அரைமணி நேரம்.

இன்னொன்றும் உண்டு. அவள் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். ஓடினால் என்னால் பிடிக்க முடியாது. அதையும் நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

அன்று காலை வரிசையில் ஒரு மலாய்க்கார அம்மா, "டா பெசார் பூன் டுடோக் ஸ்ட்ரோலர்?" என்று தன் மகளிடம் சொல்லிச் சிரித்தார். இவ்வளவு பெரிசானப்புறமும் ஸ்ட்ரோலரா என்று. நீங்கள் கேட்டீர்களோ என்னவோ. கல்யாண வீடுகளில் நம் ஆட்களே, "சோம்பேறியாக்கி வச்சிருக்கீங்க" என்கிறார்கள். பழகிவிட்டது. தெரியாத ஆள், தெரியாமல் பேசுகிறார், போகட்டும் என்று விட்டுவிடுவேன். நீங்கள் தெரியாத ஆள் இல்லையே.

ஒரே ஒரு கேள்வி. காலையிலிருந்து மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை சொல்லாமல் தள்ளினீர்கள். அந்த நிமிடத்தில் மட்டும் அவளை ஏன் இறக்கினீர்கள்? உடற்கல்வி ஆசிரியர் என்பது பதில் இல்லை. காலையிலும் நீங்கள் உடற்கல்வி ஆசிரியர்தான்.

யோகேஸ்வரி


லாபிஸ்,
21 செப்டம்பர் 2025

யோகாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, "கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்க, கத எழுதாதீங்க" என்றாள். இருந்தாலும் ஒரு கதை எழுதிவிட்டுத்தான் பதிலுக்கு வருவேன். பதில் எழுத எனக்குத் தைரியம் வர வேண்டும்.

பள்ளி விடுமுறையில், போன புதன்கிழமை, நான் மட்டும் அந்தத் தீம் பார்க்குக்குப் போனேன். டிக்கெட் கொடுக்கிற பெண், "சொராங் சஜா, பாக்சிக்?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம், ஒரே ஆள்தான் என்றேன். ஐம்பத்திரண்டு வயது மனிதன் தனியாகச் சவாரி போக வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

நீ உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனை சத்தம் கேட்கிறது என்று விரல்விட்டு எண்ணினேன். பதினொன்று வரை வந்தது. பிறகு ஒன்றோடொன்று கலந்துவிட்டது. கழிவறையில் கை காயவைக்கும் இயந்திரம் போடுகிற இரைச்சலில் நானே காதைப் பொத்திக்கொண்டேன். இத்தனை வருடம் அது ஒரு சத்தம் என்றே நான் நினைத்ததில்லை. கால் மணி நேரத்தில் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நான் எழுந்து போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அவள் எழுந்து போனதற்குத்தான் நான் விசில் ஊதினேன். அந்த விசிலும் அவள் காதில் விழுந்திருக்கும் இல்லையா?

தகவல் முகப்பில் கேட்டேன். உடற்குறை உள்ளவர்களுக்கான ஓ.கே.யூ. அட்டையைக் காட்டினால் ஸ்ட்ரோலருக்கு ஒரு அடையாள வார் கட்டித் தருவார்களாம். அதோடு சக்கர நாற்காலி போகிற இடமெல்லாம் போகலாம். எந்த வயது வரை என்று கேட்டேன். அங்கே இருந்த பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. "உமூர் தா கிரா, பாக்சிக்" என்றாள். வயதெல்லாம் அவர்கள் பார்ப்பதில்லையாம். உனக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். நான் கேட்டதே இல்லை.

சரி. உன் கேள்வி.

அன்று மதியம் ஐஸ்கிரீம் கடைப் பக்கமிருந்து கமலநாதன் குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தார். எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். உனக்கு அவரைத் தெரியாது. மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் எங்கள் பள்ளி மூன்று வருடம் வென்றபோது மேடையில் எனக்குப் பொன்னாடை போட்டவர். அவர் என்னைப் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். பத்து வயதுப் பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளுகிறேன், அவர் கேட்பார், நான் விளக்க வேண்டும். என் தங்கச்சி மகளுக்கு இப்படி என்று சொல்ல வேண்டும்.

எனக்கு வெட்கமாக இருந்தது, யோகா.

அவ்வளவுதான். நல்லதுக்கு என்பதெல்லாம் அவளை இறக்கிவிட்ட பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. இதை அண்ணியிடம்கூட மேலே உள்ள வரிகளை எழுதிய பிறகுதான் சொன்னேன்.

ரூபேந்திரன்


உலு திராம்,
5 அக்டோபர் 2025

அண்ணா,

பதில் எழுத இரண்டு வாரமாகிவிட்டது. மூன்று தாள் கிழித்தேன்.

நீங்கள் உண்மையைச் சொன்ன அன்று எனக்குக் கோபம் அதிகமாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பெருமூச்சுதான் வந்தது. ஏனென்று யோசித்தேன். இந்த வெட்கம் எனக்கும் தெரியும். அவளுக்கு ஆறு வயதில், வண்டியை யாராவது பார்க்கும்போது, "காலில் அடி பட்டிருக்கு" என்று நானே பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு வருடம் சொன்னேன். அப்புறம் அலுத்துப்போய் விட்டேன்.

உங்களுக்குத் தெரியாத இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, அவள் எங்கே கிடைத்தாள் என்பது. வாசலில் காவலர்கள் பிடித்தார்கள் என்று எழுதாவிட்டாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நானும் அன்று சொல்லும் நிலையில் இல்லை.

அவளைக் கண்டுபிடித்தது அங்கே துப்புரவு வேலை செய்யும் ராஜம்மா என்ற அக்கா. நீங்கள் குளத்தில், காவலர்கள் வாசலில், நான் கழிவறை கழிவறையாக. எல்லாரும் ஓடுகிற பிள்ளையைத் தேடினோம். ராஜம்மா அக்கா வண்டிகள் நிறுத்தும் கூரைக்கடியில் பெருக்கிக்கொண்டிருந்தார். ஒரு வண்டிக்குள்ளிருந்து முனகல் மாதிரி கேட்டிருக்கிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் லோஷினி. காலை மடக்கி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து. நாற்பது வண்டிகளுக்கு நடுவில் தன் வண்டியை அடையாளம் கண்டு ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

படகுச் சவாரியிலிருந்து அந்தக் கூரை எவ்வளவு தூரம் என்று நீங்கள் இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அவ்வளவு கூட்டத்தையும் தாண்டித் தனியாக வந்திருக்கிறாள். அவள் தொலைந்துபோகவில்லை, அண்ணா. அவளுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. தெரியாமல் நின்றது நாம்தான்.

இரண்டாவது விஷயத்தை நான் செல்வாவிடம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் வண்டியை நிறுத்தியதை நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன்.

பார்த்தேன். எழுந்து வந்து தடுத்திருக்கலாம். "வேணாண்ணே" என்று ஒரு குரல் கொடுத்தால் உங்களுக்குக் கேட்டிருக்கும். கொடுக்கவில்லை. முந்திய இரவு அவள் மூன்று மணி வரை தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. அரைமணி நேரம் யாராவது அவளை வைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது. ஒருவேளை நடந்துவிடுவாளோ, அண்ணன் சொல்வதுதான் சரியோ என்றும் ஒரு ஆசை. கண்ணை மூடிக்கொண்டேன்.

நான்கு மாதமாக உங்கள்மேல் கோபப்பட்டதில் பாதி என் பங்கு. உங்கள் பங்கு இல்லையென்று சொல்லவில்லை. பாதி.

தீபாவளிக்கு லாபிஸ் வர முடியாது. பட்டாசுச் சத்தம் ஓயும்வரை அவளை வெளியே கொண்டுபோக மாட்டோம். நீங்கள் வருவதாக இருந்தால் மறுநாள் வாருங்கள். மணி அடிக்க வேண்டாம். கேட் திறந்திருக்கும்.

யோகா


லாபிஸ்,
26 அக்டோபர் 2025

யோகாவுக்கு,

செவ்வாய்க்கிழமை சாப்பாடு போட்டு அனுப்பியதற்கு நன்றி. முறுக்கு டப்பாவை அண்ணி உங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டாள், வைத்துக்கொள்.

லோஷினி அறையைவிட்டு வரவில்லை என்று நீ வருத்தப்பட்டாய். எனக்கு வருத்தமில்லை. கதவு ஒரு சாண் திறந்து இருந்ததை நீ கவனித்தாயா? நான் கூடத்தில் இருந்த இரண்டு மணி நேரமும் அது மூடவில்லை. அது போதும்.

வாசலில் அந்த வண்டியைப் பார்த்தேன். கால் வைக்கும் பலகைக்கு வெளியே அவள் பாதம் தொங்கும் போலிருக்கிறது. வளர்ந்துவிட்டாள்.

கமலநாதனிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக் கேன்டீனில் தேநீர் குடிக்கும்போது, அவர் கேட்காமலே. தங்கச்சி மகளுக்கு ஆட்டிசம், வெளியே போனால் வண்டியில் உட்காருவாள், ஜூனில் உங்களைப் பார்த்து அந்த வண்டியை ஒளித்தேன் என்றேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "என்ன சார், இதுக்குப் போயா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இதற்காகவா நான் குளத்தில் இறங்கினேன் என்றிருந்தது.

எனக்கு ஒரு ஆசை. லோஷினியோடு எல்லாரும் மறுபடி ஒரு நாள் அந்தத் தீம் பார்க்குக்குப் போக வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, மனம் கோண மாட்டேன்.

ரூபேந்திரன்


உலு திராம்,
16 நவம்பர் 2025

அண்ணா,

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். செல்வா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அவளுக்கு அந்தப் படகு புடிக்கும்ல? நம்ம சண்டைக்கு அவ ஏன் வீட்ல ஒக்காரணும்?" என்றார். நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன்.

ஜனவரி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. கூட்டம் குறைவாக இருக்கும். செல்வா விடுப்பு எடுக்கிறார். திறந்தவுடன் உள்ளே போவோம், ஊர்வலத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தை விட்டு வந்துவிடுவோம். அவள் போதும் என்றால் அப்போதே வீடு. நுழைந்து பத்து நிமிடமாக இருந்தாலும் சரி, இவ்வளவு தூரம் வந்தோமே என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது. வண்டியைத் தள்ளுகிறவர் அவளோடு பேசிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. அவளைச் சிரிக்க வைக்க வேண்டாம். தொடுவதற்கு முன் கையைக் காட்டிக் கேளுங்கள். விசில் லாபிஸிலேயே இருக்கட்டும்.

வண்டி மாறிவிட்டது. தெரபி நிலையத்தில் ஒரு குடும்பம் தங்கள் பையனுடைய பெரிய வண்டியை எங்களுக்குக் கொடுத்தது. பெரிய பிள்ளைகளுக்கென்றே செய்தது. அவள் அதில் ஏற மூன்று வாரம் எடுத்தாள். முதலில் அதன் சக்கரத்தை மட்டும் தொட்டாள், அப்புறம் துண்டைப் போட்டுப் பார்த்தாள், அப்புறம் ஒரு நாள் நான் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுதுங்கள். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முடிக்க விடுவதில்லை.

யோகா


உலு திராம்,
11 ஜனவரி 2026

அண்ணா,

நன்றாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். லோஷினி அன்று எட்டு மணிக்கே தூங்கிவிட்டாள். எங்கள் வீட்டில் இது செய்தி.

நாலரை மணி நேரம் பார்க்கில் இருந்தோம் என்று செல்வா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் படகில் அவளோடு இரண்டு தடவை போனதை ஒரு தடவை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் மலை ரயில் சவாரியில் ஏறியதை மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. பதினோரு வருடத்தில் நானும் அவரும் தனியாக எங்காவது ஏறியது அதுதான். மேலே போகும்போது அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், ஆனால் என் கண் கீழே உங்கள் நீலச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. அவளை உங்களிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்ற நினைப்பு போகவில்லை. சட்டை அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. அப்புறம்தான் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நாங்கள் இறங்கி வந்தபோது, அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் கையை நீட்டி என்னை நிறுத்திவிட்டாள். கிட்டே வராதே என்கிற மாதிரி. நீங்களும் வாயைத் திறக்காமல் நின்றீர்கள். எனக்கு முகம் வாடிவிட்டது, செல்வாவும் கவனித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே கையை இறக்கி, "அம்மா" என்றாள். கூட்டத்தில் கேட்க மறந்துவிட்டேன். நாங்கள் இல்லாதபோது என்ன நடந்தது?

யோகா


லாபிஸ்,
18 ஜனவரி 2026

யோகாவுக்கு,

கேட்பாய் என்று காத்திருந்தேன்.

நீங்கள் கிளம்பும்போது, "கொஞ்ச நேரம்னு அவகிட்டச் சொல்லாதீங்க, அவளுக்குக் கொஞ்சம்னா எவ்ளோன்னு தெரியாது, கணக்காச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாய். நான் வண்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினேன், நீ காட்டியபடி. மேல்மூடியை இழுத்துக்கொண்டு உள்ளே இருந்தாள். நீங்கள் கண்ணிலிருந்து மறைந்த உடனே மூடியைத் தள்ளிவிட்டு, "அம்மா எங்க?" என்றாள்.

என்னிடம் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. "ரயில்ல ஏறப் போயிருக்காங்க. இருபது நிமிஷத்துல வந்துருவாங்க" என்றேன். எதை வைத்து இருபது என்றேன் என்று எனக்கே தெரியாது. வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்கக்கூட இல்லை.

அவள் கையை நீட்டினாள். முதலில் புரியவில்லை. பிறகு என் மணிக்கட்டைப் பார்க்கிறாள் என்று தெரிந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு நிமிடம் ஆனதும், "பத்தொம்போது" என்றாள். அடுத்த நிமிடம், "பதினெட்டு."

அப்புறம் எனக்கு வேறு வேலையே இல்லை. நின்றேன். ஒரு தம்பதி எங்களைக் கடந்து போனார்கள். அந்தப் பெண் வண்டியைப் பார்த்து, லோஷினியின் காலைப் பார்த்து, என்னைப் பார்த்தார். நான் வணக்கம் சொல்வது மாதிரி தலையசைத்தேன். அவரும் தலையசைத்துவிட்டுப் போனார். "பன்னெண்டு" என்றாள் இவள்.

ஒன்பதில் பக்கத்துச் சவாரியில் சங்கு மாதிரி ஒன்று ஊதியது. தோளைக் குறுக்கிக் காதைப் பொத்தினாள். எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அவளைத் தொடவில்லை. வண்டிப் பையிலிருந்து அவளுடைய ஹெட்ஃபோனை எடுத்து அவள் பார்க்கிற இடத்தில் நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள், நடுவில் ஒரு நிமிடம் போய்விட்டது போல, "ஏழு" என்று நேராக ஏழுக்கு வந்தாள். ஆறு, அஞ்சு, நாலு. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் நீங்கள் வரவில்லை. ஒன்று முடிந்து நீங்கள் வராவிட்டால் அவளிடம் என்ன சொல்வேன்? இன்னொரு தடவை எதையாவது சொன்னால் நம்புவாளா?

"மூணு" என்று சொல்லும்போது நீங்கள் வந்தீர்கள்.

நீ முன்னதாக வந்துவிட்டாய், யோகா. நான் இருபது என்று சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் உன்னைக் கை காட்டி நிறுத்தினாள். நான் பேசாமல் நின்றதும் அதனால்தான். மாமா சொன்ன நேரம் முடியட்டும் என்று காத்திருந்தாள். ரெண்டு, ஒண்ணு என்று உதட்டுக்குள் சொன்னாள், உனக்குக் கேட்டிருக்காது. முடிந்த பிறகு கடிகாரத்தை என்னிடம் நீட்டிவிட்டு, உன்னைக் கூப்பிட்டாள்.

ரூபேந்திரன்